விரல் உணரும் எல்லை

1990 அக்டோபர் 31 அன்று சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்வது குறித்து உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கு அது. தீக்குச்சியோ பட்டாசோ உருவாகும் வேலைகள் எதிலும் குழந்தைகளைச் சேர்க்கவே கூடாது என்றது தீர்ப்பு. அதே தீர்ப்புதான், தயாரான சரக்கைப் பிரித்துக் கட்டும் வேலைக்குப் பிள்ளைகளின் பிஞ்சுக் கைகள் கூடுதல் பொருத்தமானவை என்றும் சொன்னது. உற்பத்தி நடக்கும் இடத்திலிருந்து விலகி அவர்கள் அந்த வேலையைச் செய்யலாம். பெரியவர்களுக்குரிய குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதமாவது அவர்களுக்குத் தர வேண்டும் என்றும் கூறியது. கூடுதல் பொருத்தமான கைக்கு ஏன் குறைந்த கூலி என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

1991இல் சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் நடந்த விபத்தில் 39 பேர் இறந்த செய்தி வந்தபோது நீதிமன்றம் தானாகவே விவகாரத்தை மீண்டும் கையில் எடுத்தது. 1996 டிசம்பர் 10ஆம் தேதித் தீர்ப்பு, குழந்தையை ஆபத்தான தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இன்று அந்த வட்டாரத்தில் குச்சி அடுக்கும் வேலையில் பெரும்பகுதியை எந்திரங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. ஆனால் சின்ன விரல்தான் நுணுக்கமானது, நுணுக்கமான விரல்தான் பத்திரமானது என்ற நம்பிக்கை சட்டத்தால் அழிந்துவிடவில்லை. பட்டாசு ஆலைகளில் திரி செருகுவது, குழாய் சுருட்டுவது, சரம் பின்னுவது என்று நுணுக்கம் கேட்கிற வேலைகளில் பெண்களே அதிகம். காரணம் கேட்டால் பொறுமை, கைவாகு, மெல்லிய விரல் என்று சொல்வார்கள். இது உண்மையா என்று பார்க்க வழி இருக்கிறது. தொடு உணர்வை அளப்பதற்கு ஏறக்குறைய 200 ஆண்டுகால அறிவியல் இருக்கிறது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வெபர் 1834இல் வெளியிட்ட ஆய்வு அதன் தொடக்கம். அவர் காம்பஸின் இரு முனைகளைத் தோலில் வைத்து, எவ்வளவு நெருக்கம்வரை இரண்டு என்று ஒருவரால் சொல்ல முடிகிறது என்று பார்த்தார். விரல் நுனியில் சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி போதும். முதுகில் 40 மில்லிமீட்டரைத் தாண்டியும் ஒன்றாகவே தெரியும். அந்நூற்றாண்டின் இறுதியில் மாக்ஸ் ஃபான் ஃப்ரே என்பவர் வேறொன்றை அளந்தார். குதிரைமயிரும் மனித முடியும் வெவ்வேறு தடிமனில் எடுத்து, தோலில் அழுத்தினால் எந்த விசையில் வளையும் என்று அளவு குறித்துக்கொண்டு, எந்த முடி பட்டால் ஒருவருக்குத் தெரிகிறது என்று சோதித்தார். 1960 வாக்கில் ஜோசஃபின் செம்ஸ், சிட்னி வைன்ஸ்டைன் இருவரும் அந்த முடிக்குப் பதிலாக நைலான் இழையைக் கொண்டுவந்தார்கள். நல்ல உணர்வுள்ள விரல் நுனி 0.07 கிராம் அழுத்தத்தையே கண்டுகொள்ளும். மிக லேசாகத் தொட்டும் ஒருவர் உணர்கிற அந்தக் கடைசி அளவைத்தான் இக்கட்டுரை உணர்வெல்லை என்கிறது. எல்லை எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ உணர்வு அவ்வளவு கூர்மை.

இந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒரே வயது, ஒரே தொழில், ஒரே ஊர் என்றாலும் மாறும். உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பகுதியில் தொடுகையை அறியும் நரம்பிழைகள் சுமார் 17,000 உள்ளன. மெர்க்கல் செல்கள் வடிவத்தையும் விளிம்பையும் அறிகின்றன. மைஸ்னர் உறுப்புகள் வழுக்கலையும் மெல்லிய அசைவையும். பாசினி உறுப்புகள் அதிர்வை. அழுத்தத்தை மின்குறிப்பாக மாற்றும் மூலக்கூறே 2010இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பீசோ-2 என்ற அந்தப் புரதத்தைக் கண்டறிந்ததற்காக ஆர்டெம் படபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த மரபணு செயலிழந்து பிறந்தவர்கள் சிலருக்குக் கண்ணை மூடினால் தம் கை எங்கே இருக்கிறது என்பதே தெரிவதில்லை.

பெண் விரல் பற்றிய கேள்விக்கு நேரடியான பதில் 2009இல் வந்தது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேனியல் கோல்ட்ரைக்கும் அவரது மாணவர்களும் 100 இளைஞர்களின் விரல் நுனியில் நுண்ணிய பள்ளமேட்டுக் கோடுகளைப் பதித்து, கோடு நெடுக்கா குறுக்கா என்று கேட்டார்கள். சராசரியில் பெண்கள் நெருக்கமான கோடுகளையும் சரியாகச் சொன்னார்கள். ஆனால் விரல் நுனியின் பரப்பை அளந்து கணக்கில் சேர்த்ததும் ஆண் பெண் வேறுபாடு மறைந்துவிட்டது. சின்ன விரல் உள்ள ஆணும் அதே அளவு விரல் உள்ள பெண்ணும் ஒரே கூர்மையோடு உணர்ந்தார்கள். மெர்க்கல் செல்கள் வியர்வைத் துளைகளைச் சுற்றிக் குவிந்திருப்பவை. சின்ன விரலில் அத்துளைகள் நெருங்கியிருக்கின்றன. பரப்பு குறைந்தால் ஏற்பிகள் நெருங்குகின்றன என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

இந்த இடத்தோடு நிறுத்தினால் பிஞ்சுக் கை பற்றித் தீர்ப்பு சொன்னது சரி என்றாகிவிடும். சின்ன விரலே கூர்மை என்றால் குழந்தை விரல் அதைவிடக் கூர்மையாக இருக்க வேண்டுமே. அதே ஆய்வகம் இதையும் சோதித்தது. 6 முதல் 16 வயது வரையிலான 116 பிள்ளைகளை அளந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள் சின்ன விரல் உள்ளவருக்குக் கூர்மை அதிகம். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை பதினாறு வயதுப் பிள்ளையைவிடக் கூர்மையாக உணரவில்லை. விரல் வளர வளர ஏற்பிகள் விலகுகின்றன. அதே வேகத்தில் மூளை அந்தச் செய்தியைப் படிப்பதில் தேர்ச்சி பெறுகிறது. ஒன்று மற்றதை ஈடுகட்டுகிறது என்று அவர்கள் கருதுகிறார்கள். நெடுக்கா குறுக்கா என்று சொல்ல வேண்டியது விரல் மட்டுமல்லவே. ஆக, பிஞ்சுக் கை கூடுதல் பொருத்தம் என்பதற்குத் தொடு உணர்வின் அறிவியலில் ஆதாரம் இல்லை. சிவகாசியில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளின் பள்ளிக்காலம் அந்த ஆதாரமில்லாத நம்பிக்கையின் பேரில் போயிற்று. கூலி குறைவு என்பதுதான் உண்மையான காரணம் என்பது அப்போதும் பலருக்குத் தெரியும். சலம் பென்னுர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்ல ஆய்வகம் தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கூர்ந்து உணர்வது வேறு, லாவகமாகக் கையாள்வது வேறு. சிறு ஆணிகளைத் துளைகளில் செருகும் சோதனையில் பெண்கள் ஆண்களை முந்துவது பலமுறை பதிவான ஒன்று. மைக்கேல் பீட்டர்ஸும் அவரது குழுவினரும் 1990இல் விரல் தடிமனைக் கணக்கில் எடுத்தபோது அங்கும் வேறுபாடு மறைந்தது. பின்னர் கைக்குப் பதிலாக இடுக்கியால் எடுக்கச் சொன்னபோது பெண்களுக்கு இருந்த முந்துதல் காணாமல் போயிற்று. தகுந்த கருவியைக் கையில் கொடுத்தால் விரல் வேறுபாடு பொருளற்றுப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பட்டாசுத் தொழில் விரலைத் தேடிப் பிடித்தது, கருவியைத் தேடவில்லை.

பழக்கமும் எல்லையை மாற்றும். பார்வையற்றோரின் விரல் நுனி பார்வையுள்ளோரின் விரலைவிடக் கூர்மை என்று பல ஆய்வுகள் காட்டின. 2011இல் கோல்ட்ரைக் குழுவினர் உதட்டையும் சேர்த்துச் சோதித்தார்கள். உதட்டில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. விரல்களில் மட்டும் இருந்தது. பிரெயில் நன்கு படிப்பவர்களுக்குப் படிக்கும் விரலில் கூர்மை இன்னும் அதிகம். பயன்படுத்திய இடமே கூர்மை பெற்றிருக்கிறது. டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981இல் எழுதிய கட்டுரை ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. ஏற்றுமதி ஆலைகளில் வேலை செய்யும் இளம்பெண்களின் விரல் வேகம் பிறவிக் குணம் அல்ல, சிறுவயது முதல் வீட்டில் தையல் போன்ற வேலைகளில் பெற்ற பயிற்சி. வீட்டில் பெற்றதால் அது பயிற்சியாக மதிக்கப்படாமல் கூலியும் குறைகிறது என்றார்கள். சிவகாசி வட்டாரத்தின் திருத்தங்கலிலும் வெம்பக்கோட்டையிலும் ஒரு பெண் பத்து ஆண்டுகள் திரி செருகிப் பெறுகிற தேர்ச்சிக்கும் இதே கதிதான். கைவாகு என்று சொல்லிவிட்டால் அதற்குச் சம்பளம் கூட்ட வேண்டியதில்லை.

உணர்வெல்லை ஒரு எண்ணாக எழுதப்பட்டாலும், அதற்குள் மனிதரின் மனமும் இருக்கிறது. 1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக்குழுவில் வில்லியம் மக்டூகல் அங்குள்ள ஆண்களின் தொடு உணர்வை வெபரின் இரு முனைச் சோதனையால் அளந்து, ஆங்கிலேயரின் எல்லையில் ஏறக்குறைய பாதிதான் அவர்களுடையது என்றார். அக்குழுவிலிருந்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1901-02இல் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களின் புலன்களைச் சோதித்து 1905இல் வெளியிட்டார். இன வேறுபாடு என்று பேசப்பட்ட டோரஸ் நீரிணை முடிவுகளை 1916இல் எட்வர்ட் டிட்ச்னர் கடுமையாக ஆராய்ந்தார். ஒற்றை முனையா இரட்டை முனையா என்று கேட்கும்போது, சந்தேகமான உணர்வை ஒருவர் ஒன்று என்பார், மற்றவர் இரண்டு என்பார். இரண்டு பேரின் தோலும் ஒன்றாகவே இருக்கலாம். கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதும் எண்ணில் கலந்துவிடுகிறது. பின்னாளில் இதற்கு முறையான தீர்வு வந்தது. தெரிகிறதா இல்லையா என்று கேட்பதை விட்டு, இரண்டு முறை தொடுவதுபோல் காட்டி எந்த முறை உண்மையாகத் தொட்டேன் என்று கேட்டால் சொல்பவரின் துணிவும் தயக்கமும் வடிகட்டப்படும்.

சிவகாசிக்கு இது நேரடியாகப் பொருந்தும். போர்மேன் பக்கத்தில் நிற்க, இந்த விரலில் உணர்வு இருக்கிறதா என்று கேட்டால் எந்தத் தொழிலாளியும் இருக்கிறது என்றுதான் சொல்வார். இல்லை என்றால் நாளைய வேலை போய்விடும்.

இப்போது ஆபத்தின் பக்கம் வருவோம். மிகக் கூர்மையான விரலாவது பட்டாசு மருந்தின் ஆபத்தை முன்கூட்டி உணருமா? சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தின் வறண்ட காற்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உகந்தது என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கும் செய்தி. வறண்ட காற்று இன்னொன்றுக்கும் உகந்தது: உடலில் நிலைமின்னேற்றம் சேர்வதற்கு. மனித உடலின் மின்தேக்குதிறன் சுமார் 100 முதல் 200 பிக்கோஃபாரட். நைலான் சேலை உரசி, உலர்ந்த தரையில் நடந்து, உடலில் சேரும் மின்னேற்றம் உலோகத்தைத் தொடும்போது பாய்கிறது. அது சுருக்கென்று தெரிய வேண்டுமானால் பெரும்பாலோருக்குச் சுமார் 2,000 முதல் 3,000 வோல்ட் வரை வேண்டும். 3,000 வோல்ட்டில், 150 பிக்கோஃபாரட் உடலிலிருந்து பாயும் ஆற்றல் சுமார் 0.7 மில்லிஜூல். கரைப்பான்களின் ஆவி தீப்பிடிக்க 0.2 அல்லது 0.3 மில்லிஜூல் போதும். விரலுக்குத் தெரியாத பொறி தீ மூட்டப் போதுமானது என்பதே இந்தக் கணக்கின் பொருள். இங்கே ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு எதையும் மாற்றாது. கூரிய உணர்வுள்ளவருக்கும் அந்தப் பொறி எல்லைக்குக் கீழே இருக்கக்கூடும்.

உரசலும் அப்படியே. குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும் சேர்ந்த கலவை உலர்ந்த நிலையில் மிகச் சிறிய உரசலுக்கே வெடிக்கும். கேப் தயாரிப்பில் அதை ஈரமாகவே கையாள வேண்டியிருப்பது அதனால்தான். இவ்வளவு உரசினால் வெடிக்கும் என்ற அளவை எந்த விரலும் முன்னறிவிக்காது. அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் கலந்த மருந்து ஈரம் பட்டால் மெல்லச் சூடேறும். குவியலின் நடுவில் அந்தச் சூடு ஏறிக்கொண்டிருக்கும்போது மேலே கைக்குக் குளிர்ச்சியாகவே இருக்கும். மருந்து அறைக்கு நுழையுமுன் தொட வேண்டிய தாமிரத் தகடு, பருத்தி உடை, அறையில் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு, அன்றன்றைக்கு மருந்தை மிச்சம் வைக்காமல் முடிப்பது ஆகிய விதிகள் எல்லாம் விரலை நம்பாத விதிகள். அவற்றை எழுதியவர்கள் சரியாகவே எழுதினார்கள்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் நாளிதழில் ஒரு வரி வரும்: மருந்து செலுத்தும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம், குற்றத்தைச் செத்துப்போன ஒருவரின் கைமேல் வைத்துவிட்டு எழுதியவர் நகர்ந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. உராய்வு தொழிலின் அன்றாடம். ஒரு அறையில் ஏற்பட்ட உராய்வு இத்தனை பேரைக் கொன்றது எப்படி என்பதுதான் கேட்க வேண்டியது. அந்தக் கேள்வியின் பதில் விரலில் இல்லை. அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு மருந்து குவிந்திருந்தது, உரிமத்தை யார் யாருக்கு உள்குத்தகைக்கு விட்டார்கள் என்பதில் இருக்கிறது.

அப்படியானால் தொழிலாளியின் உணர்வெல்லையை அளப்பதில் பயனே இல்லையா? இருக்கிறது. அதைக் காட்டியவர் தமிழ்நாட்டில் பிறந்த மருத்துவர். 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளின் கைகளை ஆராய்ந்தார். நோயினால் சதை அழுகி விரல் உதிர்கிறது என்று அதுவரை நம்பப்பட்டது. தன்னால் திருப்ப முடியாத துருப்பிடித்த பூட்டைச் சிறுவன் ஒருவன் திருப்பித் திறந்ததையும், அவன் விரலில் எலும்பு தெரிய வெட்டுப்பட்டிருந்ததையும், அது அவனுக்கே தெரியாததையும் அவர் கண்டார். உணர்வு போனதால் கை வேண்டியதற்கு மேல் பலமாக அழுத்துகிறது. காயம் தெரியாமல் மீண்டும் மீண்டும் சிதைகிறது. இரவில் எலி கடித்து விரல் இழந்தவர்களும் இருந்தார்கள். 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் இந்தப் பார்வையே சிகிச்சையின் அடிப்படையாயிற்று. நோயாளியின் உள்ளங்கையில் 2 கிராம் இழையும் பாதத்தில் 10 கிராம் இழையும் தெரிகிறதா என்று பார்ப்பது இன்று பல இடங்களில் உள்ள நடைமுறை.

சுவீடனில் ரோலாண்ட் யோகான்சனும் கோரன் வெஸ்ட்லிங்கும் 1980களில் இதையே ஆரோக்கியமான கைகளில் நிறுவினார்கள். விரலை மரத்துப்போகச் செய்தால் பிடி தாறுமாறாகிறது. பொருள் வழுக்குகிறது, இல்லையெனில் தேவைக்கு மிஞ்சி இறுக்கப்படுகிறது. வயதானவர்களின் பிடியும் இளைஞர்களுடையதைவிட இறுக்கம். விரல் நுனியின் கூர்மை வளர்ந்தபின் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் குறைந்துகொண்டே போகிறது என்று கண்டார் யேல் ஆய்வாளர் ஜோசஃப் ஸ்டீவன்ஸ். இதோடு சர்க்கரை நோயைச் சேர்த்துப் பாருங்கள். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் சர்க்கரை நோயாளிகள் 14.4 சதவீதம். சென்னையில் நடந்த முந்தைய ஆய்வில் சர்க்கரை நோயாளிகளில் 26 சதவீதத்தினருக்கு நரம்புப் பாதிப்பு தெரிந்தது. அது முதலில் பாதத்தைத் தாக்கும், பிறகு கையை. நாற்பத்தைந்து வயதில், உரமேறிய உள்ளங்கையும் கண்டறியப்படாத சர்க்கரையுமாக மருந்து செலுத்தும் ஒருவர், தானறியாமலே பத்து ஆண்டுகளுக்கு முன்பைவிடப் பலமாக அழுத்திக்கொண்டிருக்கலாம். விரல் ஆபத்தை அறிவிக்காது. மங்கிய விரல் ஆபத்தைக் கூட்டக்கூடும். இது என் ஊகம்தான். ஆனால் மேலே சொன்ன ஆய்வுகளிலிருந்து இயல்பாகவே வருகிற ஊகம்.

தீக்காயம் பட்ட கைகளின் கதை இன்னும் மோசம். ஆழமான தீப்புண் தோலோடு ஏற்பிகளையும் எரித்துவிடுகிறது. ஒட்டுத்தோலில் உணர்வு திரும்பினாலும் முழுமையாகத் திரும்புவதில்லை. அறுபட்ட நரம்பு எவ்வளவு மெதுவாக மீள்கிறது என்பதை அறிய ஹென்றி ஹெட் என்ற மருத்துவர் 1903இல் தன் கையின் நரம்பையே வெட்டச் செய்தார். நீலகிரியிலிருந்து திரும்பிய அதே ரிவர்ஸ்தான் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கையைச் சோதித்தவர். நம் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் வந்தது. அதன் அட்டவணை கட்டைவிரல் போனால் 30 சதவீதம், சுட்டுவிரல் முழுதும் போனால் 14 சதவீதம் என்று வருமானம் ஈட்டும் திறனின் இழப்பைக் கணக்கிட்டது. 1948இன் இ.எஸ்.ஐ. சட்டமும் அதையே பின்பற்றியது. விரல் கையோடு இருந்து உணர்வு மட்டும் போனால் அந்தப் பட்டியலில் அதற்கு வரியே இருக்கவில்லை. மருத்துவர் தனியாக மதிப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. திரி செருகிப் பிழைக்கும் ஒருவருக்கு உணர்வற்ற சுட்டுவிரல் இருந்தும் இல்லாததே.

நைலான் இழைச் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் ஒரு கையைச் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை கை உணர்வும் சர்க்கரையும் பார்க்கப்பட வேண்டும். சோதனை ஆலைக்கு வெளியே நடக்க வேண்டும். முடிவு தொழிலாளியிடமும் மருத்துவரிடமும் மட்டுமே இருக்க வேண்டும். எல்லை உயர்ந்தவரை மருந்து அறையிலிருந்து அதே கூலியில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். கூலி குறையும் என்றால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். தீக்காயத்துக்கு இழப்பீடு நிர்ணயிக்கும்போது விரல்களின் உணர்வெல்லை அளந்து எழுதப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் இதை ஒரு கோரிக்கையாக வைக்கலாம். மாவட்ட நிர்வாகம் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.